மசாய் மாராவுக்கு ஜோடியாகப் போகிறீர்களா? ஜூலை வேண்டாம், ஜூனிலேயே போய்விடுங்கள்

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு ஜோடியாகப் போவதானால் ஜூன் நடுவில் போய், 30ஆம் தேதிக்குள் வெளியே வந்துவிடுங்கள். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் ஜூன் வரை ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை 1 முதல் அதுவே 200. ஆக இரண்டு பேர் மூன்று நாள் சுற்றினால் 600 டாலர் மிச்சம், அதில் வழியிலேயே நைவாஷா ஏரியில் படகில் போய் நீர்யானை பார்த்துவிட்டு வரலாம். சிங்கமும் சிறுத்தையும் யானையும் ஆண்டு முழுக்க அங்கேயேதான் இருக்கின்றன, மார்ச் முதல் மே வரை கொட்டும் பெருமழையும் ஓய்ந்து புல்வெளி பச்சையாக இருக்கும், கூட்டமும் குறைவு.

ஆனால் வில்டபீஸ்ட் எனும் ஆப்பிரிக்கக் காட்டுமாடுகள் கூட்டமாக மாரா ஆற்றைத் தாண்டுவதைப் பார்த்தே தீரவேண்டும் என்றால் இது உதவாது, அதற்கு ஜூலையிலோ அதற்குப் பிறகோதான் போகவேண்டும். அப்புறம், காப்பகத்தை ஒட்டியுள்ள தனிப் பாதுகாப்புப் பகுதிகளில் தங்கினால் கட்டணக் கணக்கே வேறு.