"காத்துதான்" என்று சொல்லாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஒருநாள் விடிகாலையில் நெஞ்சு அடைத்தது. "காத்துதான், ஏப்பம் வந்தா சரியாயிடும்" என்றார் அத்தை. கோடாலித் தைலம் தேய்த்தார்கள், இஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள், முதுகைத் தட்டினார்கள். மாமா சினிமாவில் வருவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து தாடையைத் தடவியபடி, "பல்லு வலிக்குற மாதிரி இருக்கு" என்றார். குளிர்ந்த நேரத்திலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு மணி நேரமானது. வந்தது மாரடைப்பு. பிழைத்துவிட்டார், ஆனால் இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ரத்தம் போகாமல் செத்த இதயத் தசை திரும்பி வராது.

மாரடைப்பு சுருக்கென்றுதான் குத்த வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் பாரம் வைத்து அழுத்துவதுபோல், இறுக்குவதுபோல் இருக்கும். தோள், கை, முதுகு, தாடை, மேல்வயிறு என்று பரவும். ஏப்பம் விட்டுக் கொஞ்சம் இலேசானாலும் அது காத்துதான் என்று ஆகிவிடாது. இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் இசிஜி எடுக்காமல் டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியாதபோது தைலப் போத்தல் எப்படிச் சொல்லும்?

பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமலும் வரலாம். திடீர் மூச்சுத்திணறல், வாந்தி, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத அசதி, அவ்வளவுதான். காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பழகிய நம் அம்மாக்கள் அதைக் களைப்பு என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான்.

சில நிமிடத்தில் அடங்கவில்லையா, அவசர எண் 999-ஐ அழையுங்கள். மகனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போகாதீர்கள். வழியில் துடிப்பு தாறுமாறானால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிக் காரை ஓட்டுவதும் தப்பு. இசிஜி எடுத்துச் சிகிச்சையைத் தொடங்க முதலில் கிடைக்கும் இடம்தான் நல்ல இடம். ஆம்புலன்ஸ் வரும்வரை நோயாளி சாய்ந்து உட்காரட்டும், நடக்க வேண்டாம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவரா, ரத்தக்கசிவு உண்டா என்று கேட்டுவிட்டு, 999-இல் சொன்னால் 300 மில்லிகிராம் மென்று விழுங்கலாம். அடுத்த வீட்டுக்காரரின் நாக்கடி மாத்திரையை (நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைப்பது) மட்டும் இரவல் வாங்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும்.

அப்புறம் ஒன்று. முதல் இசிஜி சரியாக இருந்தால் உடனே வீட்டுக்குக் கிளம்பப் பார்ப்பார்கள். இதயத் தசை அடிபட்டால் கசியும் டிரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கூடிக் காட்டவே சில மணி நேரம் ஆகும். டாக்டர் இருக்கச் சொன்னால் இருங்கள், வீட்டுச் சாவியை யாரிடமாவது கொடுத்தனுப்பலாம்.