ரம்பம் வருவதற்கு முன் மரத்துக்கு ஒரு ஃபைல் போடுங்கள்

பக்கத்து மனையில் பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள், சுவரோரம் நிற்கும் பெரிய மரத்தைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்த மரத்தைப் பற்றி உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதுதான். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டால், அங்கே மரம் நின்றதையே நாம்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் வம்பு எதுவும் இல்லாத ஒரு சாவகாசமான நாளில் ஃபைலைத் தொடங்கிவிடுங்கள்.

முதல் வேலை அளப்பது. தையல் டேப் பெரிய மரத்துக்குப் பத்தாது. சணல் கயிற்றை அடிமரத்தைச் சுற்றி இழுத்துப் பிடித்து, சேரும் இடத்தில் மையால் குறியிட்டு, கீழே நீட்டிப் போட்டு அளந்துகொள்ளுங்கள். வருவது சுற்றளவு, அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்பதை மறக்காமல் எழுதுங்கள், ஏனென்றால் சட்டத்துக்குச் சட்டம் அது மாறும். டெல்லியின் 1994 மரப் பாதுகாப்புச் சட்டத்தில் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. விட்டமும், மொத்தம் ஒரு மீட்டர் உயரமும் இருந்தாலே அது மரம். சிங்கப்பூரின் மரப் பாதுகாப்பு வட்டாரங்களில் அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டினால்தான் காப்பு. இங்கிலாந்தின் மரபுரிமைப் பகுதிகளில், அதாவது பழமைச் சிறப்புக்காகக் காக்கப்படும் வட்டாரங்களில், 1.5 மீட்டர் உயரத்தில் விட்டம் 75 மி.மீ.யைத் தாண்ட வேண்டும். நான் மூன்று உயரத்திலும் அளந்து எழுதிவிடுவேன். கயிறு எப்படியும் கையில்தானே இருக்கிறது!

அளந்த கையோடு படங்கள். முழு மரம், அடிமரம், பட்டை, இலை. எல்லாவற்றையும்விட முக்கியம், பொதுத் தெருவில் நின்று எடுத்த படம். இங்கிலாந்தில் ஒரு மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாமா என்று பார்க்கும்போது, பொதுமக்கள் கண்ணுக்கு அது தெரிகிறதா என்பதை முக்கியமாக எடைபோடுவார்கள். கொல்லைப்புறத்திலிருந்து எடுத்த அழகான படத்தால் அங்கே பெரிய பயன் இல்லை.

அப்புறம், உங்கள் ஊரில் எந்த வகைச் சட்டம் என்று பாருங்கள். சில இடங்களில் மரம் என்றாலே அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். டெல்லி, கர்நாடகம், மகாராஷ்டிரம் இந்த வகை. சில இடங்களில் குறிப்பிட்ட மரத்தின் பேரில் ஆணை இருந்தால்தான் காப்பு. இங்கிலாந்தில் அப்படி ஆணை போட்டால் உடனே அமலுக்கு வரும். ஆறு மாதத்துக்குள் அதை உறுதிசெய்ய வேண்டும். சொந்த மனையில் நிற்கும் மரமாக இருந்தாலும் உரிமையாளர் இஷ்டத்துக்குக் கைவைக்க முடியாது. மரபுரிமைப் பகுதியில் மட்டும் நடைமுறை வேறு. வெட்ட நினைப்பவர் ஆறு வாரம் முன்னால் தகவல் கொடுக்க வேண்டும். அதற்குள் உள்ளாட்சி வாயே திறக்கவில்லை என்றால் அவர் வெட்டிக்கொள்ளலாம். ஆக, அண்டை வீட்டார் ஆணை கேட்டு மனுப் போட வேண்டியது அந்த ஆறு வாரத்துக்குள்.

மனுவில் கவிதை வேண்டாம். குயில் கூவுவதையும் தாத்தா நட்டதையும் கடைசியில் ஒரு வரியில் சொல்லிக்கொள்ளலாம். மரத்தின் வகை, அளவு, நிற்கும் இடம், இப்போதைய நிலை, வெட்டப்போவதாக எப்போது, எதிலிருந்து தெரிந்தது, நீங்கள் கேட்பது என்ன, இவை முதல் பக்கத்தில் இருக்கட்டும். ஐம்பது கையெழுத்தைவிட ஒரு தெளிவான படம் மேல் என்பது என் அபிப்பிராயம். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள்.

எந்தச் சட்டத்திலும் ஒரு பின்வாசல் உண்டு: ஆபத்தான மரம். உண்மையிலேயே சாயப்போகும் மரத்தை வெட்டத்தான் வேண்டும், அதில் சண்டை போடக் கூடாது. ஆனால் பொந்து இருக்கிறது என்பதாலேயே மரம் செத்துவிடவில்லை. நடுவில் இருப்பது எப்படியும் உயிரற்ற வைரக்கட்டை. உயிரோட்டம் பட்டைக்கு அடியில். உள்ளே கோறையான மரங்கள் பல காலம் நிற்கும். யார் சோதித்தார், எழுத்தில் என்ன கொடுத்தார், ஆபத்தான கிளையை மட்டும் கழித்தால் போதாதா என்று கேளுங்கள்.

ஆள் வந்து இறங்கிவிட்டால் மரத்தடியில் போய் நிற்காதீர்கள். உத்தரவு நகலைக் கேளுங்கள். எத்தனை மரம், எந்த மரம், எந்தத் தேதி வரை என்று பாருங்கள். கிளை கழிக்க வாங்கிய அனுமதியைக் காட்டி அடியோடு வெட்டுவது பழைய தந்திரம். படம் எடுத்துக்கொண்டே, மரம் வெட்ட அனுமதி தரும் அதிகாரியான மர அலுவலருக்கு போன் செய்யுங்கள்.

வெட்டாமலே கொல்லவும் வழி இருக்கிறது. பட்டையை வளையமாக உரிப்பதும் மருந்து ஊற்றுவதும் டெல்லிச் சட்டத்தில் வெட்டுவதற்குச் சமம். கட்டட வேலையின்போது நடப்பதுதான் கண்ணில் படாது. வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 60 செ.மீ.க்குள் இருக்கும். அதன்மேல் செங்கல் அடுக்கி, லாரி ஏற்றி, சிமென்ட் தண்ணீரைக் கொட்டினால் மரம் சில வருடம் கழித்துத்தான் காயும். அப்போது யார் மேல் வழக்குப் போடுவது? கட்டட வேலையின்போது மரங்களைக் காப்பது பற்றிய பிரிட்டிஷ் தரநிலை 5837 ஒரு கணக்குத் தருகிறது: 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் விட்டத்தைப் போல 12 மடங்கு தூரம் வேருக்கு விட வேண்டும். 60 செ.மீ. விட்டத்துக்கு 7.2 மீட்டர். இடிப்பு தொடங்குவதற்கு முன்பே அந்த எல்லையில் வேலி நிற்க வேண்டும் என்பதைக் கட்டட அனுமதியிலேயே நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடிமரத்தை ஒட்டிப் பூசிய கான்கிரீட்டைச் சுற்றிலும் ஒரு மீட்டருக்கு அகற்றும்படி சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லிக்கு உத்தரவிட்டது. இந்தியாவில் மனு எழுதுபவர்கள் அதைச் சுட்டிக்காட்டலாம்.

எல்லாம் மீறி மரம் போய்விட்டால், மாற்று மரத்தைக் கேளுங்கள். இங்கிலாந்தில் பாதுகாப்பு ஆணை உள்ள மரத்தைச் சட்டத்தை மீறி வெட்டினால் அதே இடத்தில் வேறொன்று நட வேண்டும், பழைய ஆணை அந்தப் புதுக் கன்றுக்கும் பொருந்தும். எங்கே ஆனாலும், எந்த வகை, எவ்வளவு உயரக் கன்று, எந்தத் தேதிக்குள், பட்டுப்போனால் மறுபடி நடுவது யார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.