முழு எண்ணைக் கொடுத்தால் குப்பை வந்தது

பொழுதுபோக்காக எழுதிவரும் சின்ன இன்டர்பிரெட்டரில் (நிரலைப் படித்து நேரடியாக இயக்கும் புரோகிராம்), சி மொழி லைப்ரரி ஃபங்ஷன்களை ஓடும்போதே இணைக்கும் வசதி சேர்த்தேன். டிஎல்ஓப்பன் என்ற ஃபங்ஷன் லைப்ரரியைத் திறந்தது, டிஎல்சிம் என்ற ஃபங்ஷன் நான் கேட்ட ஃபங்ஷனின் மெமரி முகவரியைத் தந்தது, எல்லாம் சரி. ஆனால் 16-க்கு வர்க்கமூலம் கேட்டால் ஏதோ குப்பை எண்.

டிஎல்சிம் தருவது வெறும் முகவரி. டைப் பற்றிய தகவல் அதில் கிடையாது. 64-பிட் எக்ஸ்86 லினக்ஸில் முதல் ஆர்க்யூமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) முழு எண்ணாக இருந்தால் ஆர்டிஐ என்ற ரெஜிஸ்டரில், அதாவது பிராசசருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடத்தில் போகும், டபுளாக (தசம எண் வகை) இருந்தால் எக்ஸ்எம்எம்0 என்ற வேறு ரெஜிஸ்டரில் போகும். என் 16 ஆர்டிஐக்குப் போய்விட்டது. ஃபங்ஷனோ எக்ஸ்எம்எம்0-இல் ஏற்கெனவே கிடந்ததை எடுத்துக் கணக்குப் போட்டது. கிராஷ்கூட ஆகவில்லை, அதுதான் எரிச்சல்.

இப்போது இணைக்கும்போதே 'டபுள் வாங்கும், டபுள் தரும்' என்று சிக்னேச்சர் கொடுத்தாக வேண்டும். அதன்படி மதிப்பை மாற்றி, ஃபங்ஷன் அழைப்பை ஓடும்போதே அமைத்துத் தரும் லிப்எஃப்எஃப்ஐ லைப்ரரியிடம் ஒப்படைக்கிறேன். 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டிய முழு எண்களில் பல டபுளில் துல்லியமாக உட்காராது. உட்காராததற்கு எரர் தருகிறேன். சத்தமில்லாமல் எண்ணை மாற்றுவதைவிட அது மேல்.

அப்புறம், பிரிண்ட்எஃப் போல ஆர்க்யூமென்ட் எண்ணிக்கை மாறும் ஃபங்ஷன்களுக்கு லிப்எஃப்எஃப்ஐயில் தனி வழி இருக்கிறது. அந்த மாறும் பகுதியில் ஃப்ளோட்டை (டபுளைவிடச் சின்ன தசம எண் வகை) டபுளாக்கித்தான் அனுப்ப வேண்டும்.