கையில் தாளம் போட்டு செலியா குரூஸைக் கேட்பது எப்படி?

கோத்தகிரியில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லித் தருகிறேன். கியூபாவில் வேர்விட்ட துள்ளல் நடன இசையான சல்சாவின் அரசி என்று உலகம் கொண்டாடும் பாடகி செலியா குரூஸை அவர்களுக்கு அறிமுகம் செய்யும் முறை இது. ஸ்பானிய மொழி தெரிய வேண்டாம். தாளம் பிடிபட்டால் அந்தக் குரல் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பாடல்களை முன்னாடியே ஃபோனில் இறக்கி வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு மரம் கம்பி மேல் சாய்ந்தால் கரண்டும் போகும், டவரும் போகும். மிருதங்கம் வேண்டாம். மூட்டம் இறங்கும் நாளில் தோல் தளர்ந்து சுருதி நிற்காது. இதற்குக் கை போதும்.

சல்சாவுக்கு அடித்தளம் கிளாவே. இரண்டு மரக்கட்டைகளை மோதி எழுப்பும் ஐந்து தட்டுகள், பாட்டு முடியும்வரை சுற்றிச் சுற்றி வரும். நம் சொற்கட்டில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

தகிட தகிட தகதிமி தக தகதிமி

ஒவ்வொரு சொல்லின் முதல் ‘த’வில் மட்டும் தட்டுங்கள். மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு, மொத்தம் 16. எண்ணிக்கைக்கு இரண்டு வீதம், எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்குள், அதாவது ஒரு முழுச் சுற்றுக்குள், கச்சிதமாக அடங்கும். முதல் நான்கு எண்ணிக்கையான லகுவில் மூன்று தட்டு விழும், பின்பாதியில் இரண்டு. இரண்டாவது தட்டு எண்ணிக்கைக்கு நடுவில் விழுவதால் எல்லோரும் அங்கேதான் தடுமாறுவார்கள். அவசரப்படாமல் விளம்ப காலத்தில், அதாவது மெதுவாக, சொல்லிச் சொல்லிப் பழகுங்கள். சில பாடல்களில் பின்பாதி முதலில் வரும். சுற்று அதேதான், புகும் இடம்தான் வேறு.

கை பழகிவிட்டதா? சரி, இனி வாழ்க்கை வரிசையில் கேட்கலாம்.

செலியா 1925இல் கியூபாவின் தலைநகர் ஹவானாவில் பிறந்தவர். ஆசிரியராகப் படித்தவர், வானொலிப் பாட்டுப் போட்டிகளில் வென்று பாடகியானார். 1950இல் சொனோரா மத்தன்சேரா இசைக்குழுவில் சேர்ந்தார். அந்தக் காலத்துப் பாடல்களில் ‘யெர்பெரோ மொதெர்னோ’வில் தொடங்குங்கள். தெருவில் மூலிகை விற்பவர் கூவிக்கொண்டு வரும் பாட்டு. இந்த வலிக்கு இந்தச் செடி, அந்தத் தும்மலுக்கு அந்தத் தழை என்று அடுக்குவார். அந்தப் பட்டியலில் வெட்டிவேரும் வரும், காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். தைலம் காய்ச்சும் ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இந்தப் பாட்டு அந்நியமே இல்லை.

1960 ஜூலையில் குழுவோடு மெக்சிகோ போனார். அதன்பின் கியூபா அரசு அவரைத் திரும்ப விடவில்லை. 1962இல் தாய் இறந்தபோது முகம் பார்க்கக்கூட அனுமதி கிடைக்கவில்லை. அதே ஆண்டுதான் குழுவின் ட்ரம்பெட் கலைஞர் பெத்ரோ நைட்டை மணந்தார். இந்த இடத்தில் பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் பேசுவேன். அவர் பாட்டில் பொங்கும் உற்சாகத்தைக் கவலை தெரியாதவரின் உற்சாகம் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது.

அப்புறம் நியூயார்க். 1974இல் இசைக்கலைஞர் ஜானி பாச்சேக்கோவுடன் சேர்ந்து வெளியிட்ட தொகுப்பில் ‘கிம்பாரா’ இருக்கிறது. பல்லவியே ஜதி மாதிரி வெறும் ஒலிகளின் அடுக்கு. என் மாணவர்களுக்கு உயிர். வேகம் அதிகம் என்பதால் முதலில் தட்டாமல் கேளுங்கள். கோஷ்டி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, ஒவ்வொரு இடைவெளியிலும் செலியா புதிதாக ஒன்றைப் பாடி நிரப்புவார். கற்பனை, அதாவது அந்தக் கணத்தில் புனைந்து பாடுவது, தெரிந்தவர்கள் அந்த இடைவெளிகளை மட்டும் தனியாகக் கேட்க வேண்டும்.

கடைசியில், 1998இல் வந்த ‘லா விதா எஸ் உன் கார்னவால்’. எழுபதைத் தாண்டிய குரல் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். 2002 டிசம்பரில் மூளையில் கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்த பிறகும் ஒரு தொகுப்பு பாடி முடித்தார். 2003 ஜூலை 16 அன்று நியூஜெர்சியில் இறந்தார். கியூபாவிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாந்தனமோவில் பாடப் போனபோது அள்ளி வந்திருந்த கியூபா மண்ணையும் அவருடனே அடக்கம் செய்தார்கள்.

மறுபடி கேட்கும்போது கிளாவேயைத் தட்டிக்கொண்டே கேளுங்கள். குரல் சில சமயம் தட்டுக்கு முன்னே பாயும், சில சமயம் பின்னே இழுக்கும். அதைத் துரத்திக்கொண்டு கையை மாற்றாதீர்கள். கை தன் சுற்றிலேயே நிற்கட்டும், அவர் சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொள்வார்.