பலகையில் கருங்கறையா? உப்புத்தாளைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

ஓக், தேக்கு, வால்நட் மாதிரி நல்ல மரப் பலகையில் கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தால் உடனே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பிக்கிறோமே, அதுதான் முதல் தவறு. கறை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. சில நேரம் பல மில்லிமீட்டர் உள்ளே இறங்கியிருக்கும். அந்த ஒரு இடத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே போனால் கறை போகிறதோ இல்லையோ, பலகையில் ஒரு குழி விழும். அப்போது கண்ணுக்குத் தெரியாது, வார்னிஷ் அடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் பட்டதும் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். மேலே மெல்லிய நல்ல மரமும் கீழே பிளைவுட்டும் ஒட்டிய பலகை என்றால் இன்னும் மோசம், மேல் அடுக்கே கிழிந்துவிடும்.

முதலில் அது என்ன கறை என்று பாருங்கள். கறை எங்கே இருக்கிறது, என்ன வடிவத்தில் இருக்கிறது என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும். ஆணித் தலையைச் சுற்றி வட்டமாக, பலகையை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு கிளாம்ப் இருந்த இடத்தில் கோடாக, தகர டப்பா இருந்த இடத்தில் வளையமாக, நீலம் கலந்த கறுப்பில் இருந்தால் அது இரும்புக் கறை. மரத்தில் இருக்கும் டேனின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் இந்த நிறம் வரும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக எழுதுவதற்குப் பயன்பட்ட மையே இந்த வினையில் செய்ததுதான், அதனால் சோப்புத் தண்ணீருக்கெல்லாம் அது அசையாது. டேனின் நிறைய உள்ள ஓக்கில் இது ரொம்பவே சகஜம்: ஈரப் பலகையை இரும்பு மேசையில் ஒரு ராத்திரி போட்டுவைத்தாலே போதும்.

பலகையின் வெளிர் நிற ஓரப் பகுதியில் மட்டும், ரேகையோடு நீளவாக்கில், சாம்பல் நீலமாக ஓடினால் அது பூஞ்சை. அறுத்த மரத்தை நேரத்துக்குக் காயவைக்காததால் வருவது. பலகைக்குக் குறுக்கே, சம இடைவெளியில் பட்டை பட்டையாக இருந்தால், அடுக்கிக் காயவைத்தபோது நடுவில் வைத்த கட்டைகளின் தடம். மேப்பிளில் ரேகையோடு வரும் கருங்கீற்று பெரும்பாலும் மரத்தின் சொந்த நிறம்தான், அதை எதைப் போட்டும் எடுக்க முடியாது.

அடுத்த தவறு, எல்லாவற்றுக்கும் வீட்டு பிளீச்சை ஊற்றுவது. குளோரின் பிளீச் மேலே படர்ந்த பூஞ்சைக்கும் சில சாயங்களுக்கும் சரி, இரும்புக் கறைக்கு அது வேலைக்காகாது. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த இரண்டு பாட்டில் பிளீச்சோ மரத்தின் சொந்த நிறத்தையே உருவிவிடும், கறை இருந்த இடத்தில் வெளுத்த திட்டு வரும். இரும்புக் கறைக்கு மருந்து ஆக்ஸாலிக் அமிலம். சந்தேகமாக இருந்தால் மேல்பூச்சை எடுத்துவிட்டு, கறையின் ஒரு ஓரத்தில் அதன் கரைசலில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கறுப்பு வெளுக்க ஆரம்பித்தால் இரும்புதான். வார்னிஷ் இருக்கும்போதே தடவிவிட்டு 'இது வேலை செய்யவில்லை' என்று கைவிடுகிறவர்கள் நிறைய. பூச்சைத் தாண்டி மருந்து உள்ளே போகாது.

ஒரு லிட்டர் வெந்நீரில் சுமார் 100 கிராம் ஆக்ஸாலிக் அமிலத்தை, பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கரையுங்கள். இரும்பு வாளியோ ஸ்டீல் வுல்லோ (தேய்க்கப் பயன்படும் மெல்லிய இரும்பு நார்) கிட்டவே வரக்கூடாது, புதுக் கறை உண்டாகும். அப்புறம், கறை மேல் மட்டும் தடவாதீர்கள். பலகை முழுக்க, ஒரு இணைப்பிலிருந்து அடுத்த இணைப்பு வரை தடவினால்தான் நிறம் ஒரே சீராக வரும். முதல் தடவையில் முழுசாகப் போகாவிட்டால் காயவிட்டு இன்னொரு தடவை.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். ஆக்ஸாலிக் அமிலம் விஷம். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். குளோரின் பிளீச் போட்ட பலகையில் அதைக் கழுவாமல் இதைத் தடவினால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். காய்ந்ததும் மேலே வெள்ளைப் பொடி மாதிரி நிற்கும், அதைத் துடைப்பத்தால் பெருக்குவதும் அப்படியே உப்புத்தாள் போடுவதும் கூடாது, அந்தத் தூசி மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். ஈரத்துணியால் எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை துடைத்து, கொஞ்சம் சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒருமுறை, மறுபடி வெறும் தண்ணீரில் ஒருமுறை துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாஸ்க் போட்டுக்கொண்டு, எழும்பிய நாரை மட்டும் லேசாகத் தேய்த்தால் போதும்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கறையின் காரணத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். துருப்பிடித்த ஆணி உள்ளேயே இருந்தால், மேலே ஈரம் கசிந்துகொண்டே இருந்தால், அதே கறுப்பு திரும்ப வரும். ஆணியைப் பிடுங்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளைத் திருகாணிக்கு மாறுங்கள். பசை ஒட்டும்போது இரும்பு கிளாம்புக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் வையுங்கள். தண்ணீர் கலந்து அடிக்கும் வகை வார்னிஷ் அடிக்கப்போகிற பலகையில் ஸ்டீல் வுல் வேண்டாம், ரேகையில் சிக்கிய இரும்புத் தூள் பிறகு புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

பூஞ்சை உள்ளே ஊறிவிட்ட பலகை என்றால் மல்லுக்கட்ட வேண்டாம். நன்றாக உலர்ந்திருந்தால் பலம் பெரிதாகக் குறையாது. அடர் நிறச் சாயம் ஏற்றுங்கள், இல்லை அந்தப் பலகையை உள்பக்கம் போகும் இடத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.