எமுலேட்டரின் டெவலப்மென்ட் பில்ட்: இறக்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மே விடுமுறை முழுக்கச் சேலம் அம்மாப்பேட்டையில் என் அக்கா மகன் ஒரே ஒரு பழைய கன்சோல் விளையாட்டில் மூழ்கிக் கிடந்தான். ஒருநாள் இரவு, அந்த விளையாட்டைக் கணினியில் ஓட்டும் நிரலான எமுலேட்டரின் புத்தம் புதிய டெவலப்மென்ட் பில்டை, அதாவது இன்னும் சோதனையில் இருக்கும் பதிப்பை, இறக்கினான். காலையில் திறந்தால் அத்தனை நாள் ஆட்டமும் ஏற மறுத்தது. "மாமா, எல்லாம் போய்விட்டது" என்று வந்து நின்றான். விளையாட்டுக்குள் அவன் ஒருமுறைகூடச் சேமிக்கவில்லை. சேவ் ஸ்டேட்டை மட்டுமே நம்பியிருந்தான்.

பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான். சேவ் ஸ்டேட் என்பது அந்த நொடியில் எமுலேட்டரின் நினைவகம் இருந்த நிலையை அப்படியே கொட்டி வைத்த கோப்பு. எந்த விவரம் எந்த வரிசையில் இருக்கிறது என்பது எமுலேட்டரின் நிரலைப் பொறுத்தது. நிரலாளர் இடையில் ஒரே ஒரு விவரத்தைச் சேர்த்தாலும் பழைய கோப்பு புதிய பில்டுக்குப் புரியாமல் போகலாம். விளையாட்டுக்குள்ளிருந்தே செய்யும் மெமரி கார்டு சேமிப்பு அப்படியல்ல. அதை எழுதுவது விளையாட்டே. அதன் வடிவம் கன்சோல் வெளிவந்த நாளிலேயே முடிவாகிவிட்டது. நல்லவேளையாக, அவன் முன்பு வைத்திருந்த பில்டின் எண் நினைவிருந்தது. அதை மீண்டும் இறக்கி, ஸ்டேட்டைத் திறந்து, விளையாட்டுக்குள்ளேயே சேமித்தோம். புதிய பில்ட் அதை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது.

புதியது எதுவும் மேலானது என்ற எண்ணமும் தவறு. கேம்கியூப், வீ கன்சோல்களுக்கான டால்பின் எமுலேட்டரில் டெவலப்மென்ட் பில்டை இறக்கும் பழக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. 2016இல் 5.0 வந்தபின், அடுத்த வெளியீடான 2407 வருவதற்கு 2024 ஜூலை ஆகிவிட்டது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் நல்ல திருத்தம் வேண்டுமென்றால் சோதனைப் பதிப்புக்குத்தான் போக வேண்டும். இன்று அந்தக் கட்டாயம் இல்லை. உங்களுக்குத் தேவையான திருத்தம் அந்தப் பில்டில் இருந்தால் மட்டும் இறக்குங்கள். அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் இறக்குங்கள். கன்சோலின் தொடக்க நிரலான பயாஸையும் சேர்த்துக் கட்டித் தரும் கோப்புகளைத் தொடவே வேண்டாம்.

பழைய பில்டின் மேலேயே புதியதைக் கொட்டாதீர்கள். தனி ஃபோல்டரில் வையுங்கள். விண்டோஸ் டால்பினில் நிரல் இருக்கும் இடத்தில் portable.txt என்ற பெயரில் வெற்று டெக்ஸ்ட் கோப்பு ஒன்றை வைத்தால், அமைப்புகளும் சேமிப்புகளும் அந்த ஃபோல்டருக்குள்ளேயே தங்கிவிடும்.

வேகத்தை அவசரப்பட்டு எடை போடுவதும் தவறு. பில்ட் மாறியதும் ஷேடர்கள், அதாவது படம் வரைய கிராஃபிக்ஸ் கார்டு ஓட்டும் சிறு நிரல்கள், புதிதாகத் தயாராக வேண்டியிருக்கலாம். முதல் சில நிமிடங்கள் திக்கித் திணறுவது இயல்பு. சேலத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. மே மாத மதியம் மொட்டைமாடி அறையில் லேப்டாப் சூடேறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே பில்ட் ஏற்காட்டின் மாலைக் குளிரில் சீராக ஓடும். பழைய பில்டை இரவிலும் புதியதை உச்சி வெயிலிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் குறை சொல்வது நியாயமல்ல. இரண்டையும் ஒரே வேளையில் ஓட்டிப் பாருங்கள்.

உண்மையிலேயே கோளாறு இருந்தால், "புதிய பில்டில் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். கோளாறு எந்தப் பில்டில் தொடங்கியது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதற்கு வழி இப்படி: ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேர்ந்ததும் பைக்கில் கட்டிய பையைக் காணவில்லை. பின்னால் வந்த நண்பர் வழி முழுக்க வீடியோ எடுத்திருக்கிறார். அதை முதலிலிருந்தா பார்ப்பீர்கள்? பத்தாவது வளைவுக்குப் போவீர்கள். அங்கே பை இருந்தால் பதினைந்தாவதுக்கு. ஐந்து முறைக்குள் விழுந்த இடம் தெரிந்துவிடும். பில்டுகளையும் இப்படியே பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்தால், ஆயிரம் பில்டுகளுக்கும் பத்துச் சோதனைகள் போதும். அமைப்புகளை முதலில் இயல்புநிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பிறகு சரியாக ஓடிய கடைசிப் பில்டின் எண், கோளாறு தொடங்கிய பில்டின் எண், கிராஃபிக்ஸ் கார்டு, எமுலேட்டர் படம் வரையப் பயன்படுத்துவது வல்கனா டைரக்ட்3டியா என்ற விவரம், இவற்றோடு எழுதுங்கள். நிரலாளர் எந்த மாற்றத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது அதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.