முதல் முறை ஆராதனை நடத்தப் போகிறீர்களா? திங்கள் முதல் ஞாயிறு வரை

"வர்ற ஞாயிறு வர்ஷிப் நீங்க எடுங்க தம்பி" என்று பாஸ்டர் சொன்னதும் எல்லோரும் முதலில் திறப்பது யூடியூப்பைத்தான். நானும் அதைத்தான் செய்தேன். கோலாலம்பூரில் செந்தூல் பக்கம், கடைவீட்டு மேல்மாடியில் இயங்கும் ஒரு சின்ன சபை. எனக்குப் பிடித்த ஐந்து பாட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாவது பாட்டிலேயே மூன்றாம் வரிசை அம்மா வாயை மூடிக்கொண்டார். ஆராதனை முடிந்ததும் கீபோர்டு வாசிக்கும் அங்கிள் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நல்லா பாடினீங்க தம்பி. சபைதான் பாடல."

முன்னால் நிற்பவரின் வேலை பாடுவது அல்ல, பாட வைப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை எப்படி ஓட்டுவது என்று பார்ப்போம்.

திங்கள்: பாஸ்டரிடம் மூன்று கேள்வி

பிரசங்க வசனம் என்ன, எனக்கு எத்தனை நிமிடம், திருவிருந்து உண்டா? அவ்வளவுதான். 25 நிமிடம் என்றால் ஐந்து பாட்டு தாராளம். நிதானமான பாட்டு அதிகம் என்றால் நான்கே போதும். வசனத்தை அன்றே படித்துவிடுங்கள்.

"ஆவியானவர் நடத்துவார், தயாரிப்பு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 1 நாளாகமத்தைப் புரட்டிப் பாருங்கள். லேவியரின் சங்கீதத் தலைவன் கெனானியா அதில் நிபுணன் என்பதை 15ஆம் அதிகாரம் குறிப்பிட்டே சொல்கிறது. 25ஆம் அதிகாரத்தில் கர்த்தரைப் பாடும் பாட்டுகளைக் கற்றுத் தேர்ந்தவர்கள் 288 பேர் என்று கணக்கே இருக்கிறது.

செவ்வாய், புதன்: பாட்டும் ஸ்கேலும்

புதுப் பாட்டு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதையும் அடுத்தடுத்து இரண்டு மூன்று வாரம் பாடினால்தான் சபையின் வாயில் உட்காரும். பெரியவர்களுக்காக ஒரு கீர்த்தனை இருக்கட்டும். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்பி வருவதால், தமிழ் வாசிக்க வராத பிள்ளைகளும் பல்லவியிலாவது சேர்ந்துகொள்வார்கள்.

வரிசைக்கு நான் வைத்திருக்கும் வழி எளியது. பாட்டில் ஆண்டவரை 'அவர்' என்று பாடுகிறோமா, 'நீர்' என்று பாடுகிறோமா என்று பாருங்கள். 'அவர்' பாட்டு ஒருவருக்கொருவர் சாட்சி சொல்வது போல. 'நீர்' என்றதும் நேரே அவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோம். 'அவர்' பாட்டுகளில் தொடங்கி 'நீர்' பாட்டுகளுக்குப் போனால், நடுவில் நீங்கள் விளக்கம் சொல்லவே தேவையில்லை. வாசலில் துதியோடு நுழைந்து பிராகாரத்துக்குப் போகும் சங்கீதம் 100-இன் நடையும் கிட்டத்தட்ட இதுதான்.

அடுத்தது ஸ்கேல், அதாவது பாட்டை எந்தச் சுருதியில் பாடுவது என்பது. என் முதல் ஞாயிறு கவிழ்ந்தது இங்கேதான். பதிவில் பாடுபவர் தேர்ந்த பாடகர். அவருக்கு எட்டுவது காலை ஒன்பது மணிக்கு நம் சபைக்கு எட்டாது. பாட்டின் மிக உயர்ந்த இடத்தைக் கீபோர்டில் தட்டிப் பாருங்கள். நடு 'சி'-க்கு அடுத்த 'சி'-யையும் அதற்கு மேலுள்ள 'டி'-யையும் தாண்டினால் இறக்கிவிடுங்கள். பெண்கள் அங்கே பாடுவார்கள், ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். கீபோர்டில் ஸ்கேலை மாற்ற ஒரு பட்டன் போதும். ஆனால் கிட்டார் தம்பியை மறந்துவிடாதீர்கள்: கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டும் கிளிப்) ஸ்கேலை ஏற்றத்தான் உதவும், இறக்க உதவாது. கோர்டை அவர் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் புதன் இரவே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள்.

பாட்டு வரிகளை வெள்ளிக்கிழமைக்குள் திரை பார்ப்பவருக்கு அனுப்புங்கள். கோலாலம்பூர் சபைகளில் தமிழ் பேசுவார்கள், பாடுவார்கள், ஆனால் எழுத்து தெரியாத இளையவர்கள் நிறைய. தமிழ் வரியின் கீழே அதையே ஆங்கில எழுத்திலும் போடுங்கள். ஒரு திரையில் இரண்டு வரி, மிஞ்சிப்போனால் நான்கு. வரியின் கடைசிச் சொல்லைப் பாடும்போதே அடுத்த திரை வந்துவிட வேண்டும். பாடி முடித்த பிறகு வந்தால் சபை ஒரு மூச்சு பின்தங்கிவிடும்.

சனிக்கிழமை: பயிற்சி

பாட்டை முழுதாகப் பாடிப் பார்ப்பதைவிட, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைத் திரும்பத் திரும்பப் பழகுங்கள். தடுமாற்றம் வருவது அங்கேதான். கைச் சைகைகளையும் பேசி வையுங்கள். எங்கள் குழுவில் விரலைச் சுற்றினால் பல்லவி மறுபடி, கையை மூடினால் முடிவு.

ஒரு சனிக்கிழமை டிரம்ஸ் வாசிக்கும் பையன் நாற்பது நிமிடம் தாமதம். பெரிய மழை, மோட்டாரில் வர வேண்டியவன். எனக்குத்தான் பொறுமை இல்லை. "உனக்காக எத்தனை பேர் காத்திருக்கிறது?" என்று கத்தினேன். மைக் ஆன் ஆகி இருந்தது. சொட்டச் சொட்ட நின்றவன் ஒன்றும் பேசாமல் குச்சியை எடுத்தான். மறுநாள் ஒரு அடி தப்பவில்லை, ஆனால் டிரம்ஸில் உயிரே இல்லை. நான் முன்னால் நின்று அன்பைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தேன். அன்று மதியம் மாமாக் சாப்பாட்டுக் கடையில் அவனை உட்கார வைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அண்ணே" என்றான், தே தாரிக்கைப் பார்த்துக்கொண்டே. கத்தியது மைக்கில், மன்னிப்புக் கேட்டது மட்டும் தனியாகவா? அடுத்த சனிக்கிழமை குழுவின் முன்னாலும் கேட்டேன். அப்புறம்தான் அவன் சிரித்தான்.

ஞாயிறு

பசியாறிவிட்டுப் போங்கள், வயிறு முட்ட வேண்டாம். மைக்கை வாய்க்கு இரண்டு விரல் தூரத்தில் பிடியுங்கள். ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் ஊளையிடும்.

பாட்டுக்கு நடுவே ஒரு வாக்கியம், இல்லையென்றால் ஒரு வசனம். குட்டிப் பிரசங்கம் வேண்டாம், அதற்குப் பின்னால் ஆள் இருக்கிறார். "என்ன, யாரும் பசியாறலையா? சத்தமா பாடுங்க!" என்று அதட்டுவது நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம். எனக்கு அது அறவே பிடிக்காது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர் அங்கே இருப்பார். ஆஸ்பத்திரியில் அம்மாவை விட்டுவிட்டு வந்தவரும் இருப்பார். வந்து நிற்பதே அவர்களுக்குப் பெரிய காரியம்.

கண்ணை மூடிக்கொண்டே பாடாதீர்கள். யார் பாடுகிறார்கள், யார் தொலைந்துபோனார்கள் என்று பார்க்க வேண்டாமா? சபைக்கு நன்றாகத் தெரிந்த பாட்டில், கடைசிப் பல்லவிக்கு டிரம்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு மைக்கைக் கொஞ்சம் இறக்குங்கள். கூட்டத்தின் குரல் உங்கள் காதில் விழுகிறதா என்று கேளுங்கள். புதுப் பாட்டில் இதைச் செய்தால் ஃபேன் சத்தம்தான் கேட்கும்.

முடிந்ததும் சுருக்கமாக ஜெபித்து, மைக்கைக் கொடுத்துவிட்டு உட்காருங்கள். கீழே தேத்தண்ணி குடிக்க இறங்கிவிடாதீர்கள், பிரசங்கம் உங்களுக்கும்தான். வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள். என் நோட்டில் போன வாரம் இப்படி இருக்கிறது: 'மூன்றாவது பாட்டு இன்னும் அரை ஸ்கேல் இறக்கணும். மூன்றாம் வரிசை அம்மா கீர்த்தனையில் பாடினார்.'